காக்கிச் சட்டை மேல் நம்பிக்கையை அளப்பது எப்படி: பாலக்காட்டு எல்லையில் பழகிக்கொண்டு வெளிநாட்டுக் களத்துக்குப் போகிறவர்களுக்கு

லைபீரியாவில் உள்நாட்டுப் போர் 2003-இல் ஓய்ந்தது. அதன்பின் அந்த நாட்டுப் போலீஸை ஐ.நா. அமைதிப்படையும் உதவி நாடுகளும் சேர்ந்து கிட்டத்தட்ட அடியிலிருந்து கட்டின. பயிற்சி பெற்ற போலீஸ் குழுக்களைத் தலைநகரிலிருந்து கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப ரோந்து அனுப்பி, விளைவை அளந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. சட்டம் என்ன சொல்கிறது என்று ஜனங்களுக்குக் கொஞ்சம் தெரிய வந்தது. நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற கவலை குறைந்தது. அடிதடியும் வீட்டுக்குள் நடக்கும் அடியும் குறைந்தன. போலீஸ் மேல் நம்பிக்கை மட்டும் ஏறவில்லை.

உதவி கொடுக்கும் நாடுகள் வண்டியை எண்ணும், பயிற்சி நாளை எண்ணும், கட்டிடத்தை எண்ணும். நம்பிக்கையை எண்ணத் தெரியாது. எண்ணினாலும் பெரும்பாலும் தப்பாக எண்ணும். அதைச் சரியாகக் கேட்டு அளக்கும் முறைதான் இங்கே. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் சமூகப்பணி, அரசியல் அறிவியல் படித்துவிட்டுக் களஆய்வு வேலைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

பழகும் களம் ஏன் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம்? கேரளம் ஒன்றும் தளர்ந்த அரசு இல்லை. ஆனால் வீட்டில் ஒரு மொழி, ஸ்டேஷனில் ஒரு மொழி என்கிற நிலை இங்கே இருக்கிறது. சட்டப்படி தமிழில் மனு கொடுக்கலாம். 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த இடத்தைத் தருகிறது. ஆனாலும் சொல்வதைக் கேட்பவர் எழுதும்போது அது மலையாளமாகத்தான் காகிதத்தில் இறங்கும். ஆப்கானிஸ்தானில் தாலிபானுக்கு முந்திய அரசின் காலத்தில் பஷ்தோ பேசும் கிராமத்துக்குத் தாரி பேசும் போலீஸ்காரர் போனதும் இதே வகைச் சிக்கல்தான். மேலும் இங்கே தப்பு செய்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அங்கே தப்பு செய்தால் பதில் சொன்னவருக்கு ஆபத்து.

எந்தக் காக்கி?

முதல் வேலை கேள்வித்தாள் எழுதுவது இல்லை. 'போலீஸ்' என்று சொன்னதும் அந்த ஊர்க்காரர் மனதில் யார் வந்து நிற்கிறார் என்று பார்ப்பது.

சித்தூர் பக்கம் கள்ளுக்குப் பேர் போனது. அங்கே தென்னந்தோப்புக்காரரிடம் 'போலீஸ் தொந்தரவு உண்டா' என்று கேட்டால் அவர் சொல்லும் பாதிக் கதை கலால்துறையுடையது. வாளையாறில் லாரி டிரைவரிடம் கேட்டால் மோட்டார் வாகன அதிகாரி வருவார். அட்டப்பாடியில் வனக்காவலர். எல்லோரும் காக்கி; ஊர் பேச்சில் எல்லோரும் போலீஸ். இந்தக் கலவையைப் பிரிக்காமல் 'போலீஸ் மேல் நம்பிக்கை 40 சதவீதம்' என்று எழுதினால், நாலு துறைகளின் பாவ புண்ணியத்தை ஒரே கணக்கில் எழுதியதாக ஆகும்.

ஆகவே படஅட்டை செய்யுங்கள். கைக்கு அடங்கும் அளவு அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு சீருடை, தோள்பட்டைச் சின்னமும் தொப்பியும் தெளிவாகத் தெரியும்படி. முகம் தெரியக்கூடாது. ஆறு அட்டைக்கு மேல் வேண்டாம். 'போன வருஷத்தில் இவங்கள்ல யாரையெல்லாம் நேர்ல பார்த்துப் பேசினீங்க?' என்று கேட்டு அட்டைகளைத் தனியே எடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு வரும் கேள்வி ஒவ்வொன்றும் எடுத்த அட்டையைக் காட்டித்தான் கேட்கவேண்டும்.

வெளிநாட்டுக் களத்தில் இந்தக் குழப்பம் பல மடங்கு. ஆப்கானிஸ்தானில் 2021-இல் தாலிபான் ஆட்சியைப் பிடிப்பதற்கு முந்திய காலத்தில் தேசியப் போலீஸ், எல்லைப் போலீஸ், கிராமத்து ஆட்களைக் கொண்டே அமைத்த உள்ளூர்ப் போலீஸ், உளவுத்துறை, ராணுவம், இவற்றுக்கு மேல் தளபதிகளின் சொந்தப் படைகள் இருந்தன. கிராமத்தாரை அடித்தது ஒருவர், பேர் கெட்டது இன்னொருவருக்கு. வெளிநாட்டுச் சீருடைக்கும் ஓர் அட்டை கட்டாயம் வைக்கவேண்டும். லைபீரியாவில் 2007 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரை நம் மத்திய ரிசர்வ் போலீஸின் பெண்கள் படைப்பிரிவு ஐ.நா. சார்பில் இருந்தது, முழுக்கப் பெண்களால் ஆன முதல் ஐ.நா. போலீஸ் பிரிவு அது. அந்த நாட்டுத் தலைநகர் மன்றோவியாவில் ஒருவர் 'பெண் போலீஸ் நல்லவங்க' என்று அந்த நாளில் சொல்லியிருந்தால், லைபீரியப் பெண் காவலரையா, இந்தியப் பெண் காவலரையா என்று அட்டை இல்லாமல் சொல்லவே முடியாது.

ஆந்திர எல்லையில் இதற்கு இன்னொரு முகம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப்பின் திருவண்ணாமலை, தர்மபுரி மலைக் கிராமங்களில் 'போலீஸ்' என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. எந்த மாநிலத்துப் போலீஸ் என்று அட்டையிலேயே பிரித்துவிட வேண்டும். (போகிற போக்கில் ஒன்று: பாலக்காட்டில் ஒரு சித்தூர், ஆந்திராவில் ஒரு சித்தூர். கணினியில் ஊர்ப்பெயரை மட்டும் அடித்தால் இரண்டு மாநிலமும் ஒன்றாகிவிடும். ஊருக்கு எண் கொடுங்கள்.)

பணம் எங்கே நின்றது

மக்களிடம் போகும் முன் உதவியின் வழியை வரையவேண்டும். யார் கொடுத்தது, எந்த அமைச்சகம் வாங்கியது, கடைநிலைக் காவலர் கையில் என்ன வந்தது. ஒரு பெரிய தாளில் இடமிருந்து வலமாகக் கோடு இழுத்து, ஒவ்வொரு கண்ணியிலும் 'இங்கே யார் கையெழுத்துப் போடுகிறார்' என்று எழுதினாலே போதும். ஒத்திகைக்கு மத்திய அரசின் போலீஸ் நவீனமயமாக்கல் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1969-70 முதல் ஓடும் திட்டம். டெல்லிப் பணம் மாநிலப் போலீஸுக்கு வரும் பாதையை அதில் வரைந்து பழகலாம்.

இந்தப் படம் எதற்கு? ஆப்கன் பாதுகாப்புப் படைகளுக்கென்று அமெரிக்கா ஒதுக்கியது 8,800 கோடி டாலருக்கு மேல். போலீஸ் சம்பளத்துக்காக 2002-இலேயே ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தனி நிதியும் இருந்தது. ஆனால் 2009-இல் வர்தக் மாகாணத்தில் சோதனையாகச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் செல்போன் வழியே அனுப்பியபோது, வாங்கிய போலீஸ்காரர்கள் சம்பள உயர்வு வந்துவிட்டது என்று நினைத்தார்கள். உயர்வு எதுவும் இல்லை. அதுவரை மேலே இருந்தவர் எடுத்துக்கொண்டது இப்போது முழுதாகக் கைக்கு வந்தது, அவ்வளவே. மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் பறிகொடுக்கும் காவலர் அதை எங்கே ஈடுகட்டுவார்? சோதனைச்சாவடியில். அங்கேதான் ஜனங்கள் அவரைச் சந்திக்கிறார்கள். ஈராக்கில் 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். ஆயுதக் குழுவிடம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் பிரதமர் அபாதி, ராணுவச் சம்பளப் பட்டியலில் 50,000 பொய்ப்பெயர்கள் இருப்பதாக அறிவித்தார்.

எனவே ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று நான்கு காவலர்களிடமாவது, அதிகாரி இல்லாத இடத்தில், இவற்றைக் கேளுங்கள்: சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, கையிலா, வங்கியிலா, என்ன பிடித்தார்கள், யார் பிடித்தார், பூட்ஸும் டார்ச் லைட்டும் யார் காசில், இந்த ஸ்டேஷனுக்கு வந்து எத்தனை மாதம், பயிற்சியில் கற்றுக்கொண்ட வேலையைத்தான் இப்போது பார்க்கிறாரா, வண்டிக்கு மாதம் எத்தனை லிட்டர்.

கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மோசமான மண்பாதையில் ஜீப் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் என்று வைப்போம். மாதம் 100 லிட்டர் என்றால் 800 கிலோமீட்டர். கிராமம் 25 கிலோமீட்டர் தள்ளி என்றால் போக வர 50. ஆக மாதம் 16 நடை. அந்த ஸ்டேஷனுக்கு 32 கிராமம் என்றால் ஒரு கிராமத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. வெளிநாடு கொடுத்த பளபளப்பான ஜீப் நின்றிருந்தாலும் அந்த ஊர்க்காரர் போலீஸை வருடத்தில் ஆறு தடவைதான் பார்ப்பார். திருட்டு நடந்த அன்று ஜீப் வேறு எங்கோ இருக்கும். 'நம்பிக்கை வளரவில்லை' என்று ஆய்வறிக்கை எழுதும்முன் இந்தப் பெட்ரோல் கணக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சொல் வழுக்கும் இடங்கள்

எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதே பெரிய ஆபத்து. மூன்று சொற்களை மட்டும் பார்க்கலாம்.

விசுவாசம். மலையாளத்தில் நம்பிக்கை என்பதற்கு இதுதான் சாதாரணச் சொல். தமிழில் இது நாய் காட்டுவது. மலையாளக் கேள்வித்தாளை அவசரமாகத் தமிழாக்கி 'போலீஸ் மேல விசுவாசம் இருக்குதுங்களா' என்று கேட்டால், நீ அவர்களுக்கு அடங்கி நடக்கிறாயா என்று கேட்டதுபோல் ஆகும். பதில் 'இருக்குதுங்க' என்றுதான் வரும். தமிழுக்கு நம்பிக்கை, தெலுங்குக்கு நம்மகம், மலையாளத்தில் விஸ்வாசம் சரி, அதைவிடப் பேச்சில் 'நம்பான் பற்றுமோ' இன்னும் நெருக்கம்.

அவசரம். தமிழில் உடனே வேண்டியது. மலையாளத்தில் வாய்ப்பு. தெலுங்கில் தேவை. 'அவசரத்துக்குப் போலீஸ் வருமா' என்ற ஒரே கேள்வியை மூன்று மொழிக்காரர்கள் மூன்று கேள்வியாகப் புரிந்துகொள்வார்கள். மலையாளத்தில் 'அடியந்திரம்' என்று மாற்றலாம்தான். அதுவே பதினாறாம் நாள் காரியத்துக்கும் பேர். நல்லது, நிகழ்ச்சியைச் சொல்லியே கேட்டுவிடுவது: 'ராத்திரி 12 மணிக்கு வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டான், 112-க்குப் போன் பண்ணுறீங்க. வருவாங்களா? எத்தனை நேரத்துல?'

கைக்கூலி. இந்தத் தலைப்பில் வேலை செய்கிறவர்கள் தலையில் எழுதிவைக்க வேண்டிய சொல். மலையாளத்தில் லஞ்சம். தமிழில் அந்நியனுக்குக் கூலிக்கு வேலை செய்கிறவன். வெளிநாட்டு உதவியைப் பற்றிய கேள்வித்தாளில் இந்தச் சொல் நுழைந்தால், ஒருவர் 'போலீஸ் காசு வாங்குகிறது' என்று சொல்கிறாரா, 'போலீஸ் வெளிநாட்டானின் ஆள்' என்று சொல்கிறாரா என்று பிரிக்கமுடியாது. இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது சம்பளத்தையும் கண்காணிப்பையும் சரிசெய்தால் குறையலாம். இரண்டாவது உதவி கூடக் கூட ஏறலாம். லஞ்சத்துக்கு லஞ்சம் என்றே கேளுங்கள். தெலுங்கிலும் அது புரியும். மாமூல் என்பது தனி: மாதாமாதம் கடைக்காரர் கொடுப்பது. பலர் அதை லஞ்சக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஆகவே தனிக் கேள்வி வேண்டும்.

கேள்வி தயாரானதும் எட்டுப் பத்துப் பேரிடம், பாதிப் பேர் பெண்களாக, 'இதுல என்ன கேக்கறோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேளுங்கள். பதிலைக் கேட்காதீர்கள், கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று பேர் வேறு மாதிரிச் சொன்னால் அந்தக் கேள்வியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதவேண்டும்.

கேட்கும் வரிசை

'நம்பிக்கை இருக்கிறதா' என்று முதலில் கேட்டால் வருவது மரியாதை. கடைசியில் கேட்டால் வருவது அனுபவம். வரிசை இப்படி இருக்கட்டும்: சந்தித்தீர்களா, எதற்காக, யார் பேசினார், எந்த மொழியில், உட்காரச் சொன்னார்களா, புகாரை எழுதிக்கொண்டார்களா, ரசீதோ நகலோ தந்தார்களா, பணம் கேட்டார்களா, முடிவு என்ன, மறுபடி அதேபோல் நடந்தால் அங்கே போவீர்களா அல்லது வேறு யாரிடம் போவீர்கள். வேறு யார் என்பதைத் திறந்து விடுங்கள்: வார்டு மெம்பர், கட்சிக்காரர், எஸ்டேட் யூனியன் தலைவர், ஜாதித் தலைவர், கோயில் கமிட்டி. லைபீரியாவில் ஊர்த் தலைவர், சில இடங்களில் நஞ்சு குடிக்கவைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பழைய முறைகூட இந்த இடத்தில் வரும். போலீஸின் போட்டியாளர் யார் என்று தெரியாமல் போலீஸின் நிலை தெரியாது.

பிறகு நம்பிக்கையை மூன்றாக உடையுங்கள். திறமை உண்டா (வந்தால் பிடிப்பார்களா). நேர்மை உண்டா (காசு கேட்காமல் செய்வார்களா). சமமாக நடத்துவார்களா (உங்களையும் பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்தையும் ஒரே மாதிரி). வெளிநாட்டுப் பயிற்சி பெரும்பாலும் முதலாவதைத்தான் தொடும். திறமை ஏறி நேர்மை நின்ற இடத்திலேயே நின்றால், ஜனங்களுக்கு அது கெட்டிக்காரத் திருடன் போலத்தான் தெரியும். மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதுவது இந்தத் துறையின் பழைய சோம்பேறித்தனம்.

அளவுகோல் நான்கு படி: துளியும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, நிறைய. நடுப்படி வைக்கவேண்டாம், வைத்தால் பயந்தவர் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். 'சொல்லத் தெரியல' என்பதைப் படித்துக் காட்டாதீர்கள், ஆனால் சொன்னால் தனியே குறியுங்கள். 'சொல்ல விரும்பல' என்பது அதிலிருந்து வேறு. ஒரே ஊரில் பத்தில் மூன்று பேர் சொல்ல விரும்பவில்லை என்றால் அதுவே அந்த ஊரின் முடிவு. அவர்களைக் கழித்துவிட்டு மீதி ஏழு பேரில் சதவீதம் போடுவது தப்பு.

யார் அனுப்பியது?

பேட்டி முடிந்து நோட்டை மூடும்முன் ஒரு கேள்வி: 'எங்களை யார் அனுப்பினதா நினைக்கறீங்க?' ஆப்ரிக்க நாடுகளில் நடக்கும் ஆஃப்ரோபாரோமீட்டர் கணக்கெடுப்பில் இது வழக்கமான கேள்வி. நீங்கள் பல்கலைக்கழகம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாலும் கணிசமானவர்கள் அரசாங்கம் என்றே சொல்வார்கள். வெளிநாட்டு உதவி புழங்கும் இடத்தில் 'வெள்ளைக்காரங்க' என்றும் வரும். அப்படி நினைத்தவர் இரண்டு விதமாகப் பேசுவார். உதவி நிற்கக்கூடாது என்று போலீஸைப் புகழ்வார், அல்லது இன்னும் வரட்டும் என்று இருப்பதைவிட மோசமாகச் சொல்வார்.

ஆகவே முடிவை எப்போதும் இந்தப் பதிலால் பிரித்துப் பாருங்கள். கற்பனையாக ஒரு கணக்கு: 400 பேரில் 200 பேர் 'அரசாங்கம்' என்றார்கள், அவர்களில் 140 பேர் போலீஸை நம்புகிறார்கள். மீதி 200 பேர் 'காலேஜ்' என்றார்கள், அவர்களில் 80 பேர். மொத்தத்தில் 55 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் அது 70-க்கும் 40-க்கும் நடுவில் எங்கோ மிதக்கும் எண். இரண்டையும் எழுதுங்கள்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கச் சின்னச் சின்ன விஷயங்கள் உதவும். காக்கி பேன்ட் போடக்கூடாது. பொலேரோவில் போய் இறங்கக்கூடாது. போலீஸும் அதில்தான் வருகிறது. ஐ.நா. இருக்கும் நாட்டில் வெள்ளை லேண்ட் குரூஸரும் அப்படியே. பஸ்ஸிலோ பைக்கிலோ போங்கள். ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், துணைக்கு ஆள் கொடுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கேரளாவில் 2008 முதல் ஜனமைத்ரி என்ற மக்கள்-போலீஸ் நட்புத் திட்டத்தில் பீட் அதிகாரிகள் வீடுவீடாகப் போய்ப் பழகுகிறார்கள். நல்ல எண்ணத்தில் 'நானும் வரேன், எனக்கு எல்லா வீடும் தெரியும்' என்பார்கள். அவர் வாசலில் நின்றால் கேள்வித்தாள் வெறும் காகிதம். வார்டு மெம்பர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். அவரைத் தனியே பேட்டி எடுக்க இன்னொருவரை அனுப்பி நகர்த்துவது பழைய தந்திரம், இன்றும் பலிக்கும்.

நேரில் கேட்க முடியாததைக் கேட்பது

லஞ்சம் கொடுத்தது, ஆயுதக் குழுவுக்குச் சோறு போட்டது போன்றவற்றை நேராகக் கேட்கமுடியாது. இரண்டு வழி.

பட்டியல் வழி: ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு விஷயம் படித்துக் காட்டுங்கள். ரேஷன் கார்டு திருத்தியது, கரண்ட் ஆபீஸ் போனது, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனது, விமானம் ஏறியது. 'எது எதுன்னு சொல்ல வேண்டாம், எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.' இன்னொரு பாதிக்கு ஐந்தாவதாக 'போலீஸுக்குக் காசு கொடுத்தது.' முதல் பாதியின் சராசரி 1.80, இரண்டாம் பாதியின் சராசரி 2.15 என்றால் வித்தியாசம் 0.35, அதாவது 35 சதவீதம் பேர் கொடுத்திருக்கிறார்கள். நாலில் ஒன்று அநேகமாக எல்லோரும் செய்ததாகவும் ஒன்று அநேகமாக யாரும் செய்யாததாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் 'ஐந்து' என்று சொல்ல நேர்ந்து மாட்டிக்கொள்வார். இதன் பெரிய குறை துல்லியம்: பாதிக்கு 400 பேர் என்றால்கூட அந்த 35 இருபக்கமும் 14 சதவீதப் புள்ளி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். பாதிக்கு 1,200 பேர் என்றால் 8 புள்ளி. சின்ன ஆய்வில் இதைப் போட்டு ஊருக்கு ஊர் ஒப்பிடுவது வீண்.

தாயக்கட்டை வழி (ஆறு முகம் உள்ள கட்டை): பதில் சொல்பவரே உருட்டவேண்டும், நமக்குக் காட்டக்கூடாது. 1 விழுந்தால் 'ஆமா' சொல்லவேண்டும், 6 விழுந்தால் 'இல்ல', மற்ற நாலுக்கும் உண்மை. 400 பேரில் 160 பேர் ஆமா என்றால், கட்டாயத்துக்குச் சொன்னவர் ஆறில் ஒரு பங்கு, சுமார் 67. மீதி 93. உண்மை சொல்ல வேண்டியவர்கள் 267. ஆக 35 சதவீதம். தனி ஆள் எவரும் மாட்டமாட்டார். கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: 1 விழுந்தும் சிலர் ஆமா சொல்ல மாட்டார்கள், செய்யாத குற்றத்தை எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று. முதலில் 'நேத்து டீ குடிச்சீங்களா' போன்ற விளையாட்டுக் கேள்வியில் மூன்று தடவை பழக்கவேண்டும்.

எத்தனை பேர், எந்த வீடு

400 பேர் என்றால் பிழை இருபக்கமும் 5 புள்ளி, 1,200 என்றால் 3 என்று பாடப்புத்தகம் சொல்லும். அது ஆட்களைத் தனித்தனியே சிதறி எடுத்தால். நாம் ஊர் ஊராகப் போகிறோம். ஒரே ஊர்க்காரர் ஒரே மாதிரிப் பேசுவார். ஊருக்கு 8 பேர் வீதம் 50 ஊர் என்றால் (ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒத்துப்போகும் அளவு 0.1 என்று கொண்டால்; 0 என்றால் ஒத்துப்போவதே இல்லை, 1 என்றால் எல்லோருக்கும் ஒரே பதில்) 400 பேர் சுமார் 235 பேருக்குச் சமம், பிழை 6.4 புள்ளி. ஊருக்கு 20 பேர் வீதம் 20 ஊர் என்றால் 138 பேருக்குத்தான் சமம், பிழை 8.3. பஸ் செலவைக் குறைக்க ஊரைக் குறைப்பவர் தன் காலில் தானே கோடரி போடுகிறார். மூணாறு எஸ்டேட் லயங்களில் இது இன்னும் கடுமை: ஒரே வரிசை வீடு, ஒரே கங்காணி, ஒரே யூனியன். ஒரு லயத்தில் நாலு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். கொழுந்து பறிப்பவர்கள் வீட்டில் இருப்பது மாலை 5 மணிக்கு மேல், இல்லாவிட்டால் ஞாயிறு.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதை வீட்டார் முடிவு செய்யக்கூடாது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவர். அவர் இல்லை என்றால் இரண்டு தடவை திரும்பி வரவேண்டும். இதைச் செய்யாவிட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டும் சேரும். போலீஸிடம் அதிகம் மாட்டும் வாலிபர்கள் மொத்தமாகத் தவறிவிடுவார்கள். நாலு பேர் கொண்ட குழு, ஆளுக்கு நாளைக்கு 6 பேட்டி, ஒவ்வொன்றும் 35 நிமிடத்துக்கு உள்ளே: 400 பேட்டிக்கு 17 நாள். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய் மூன்று கேள்வியைத் திரும்பக் கேட்கவேண்டும்.

வெளிநாட்டுப் பேரைச் சொன்னால் மாறுமா?

உதவியின் பேரே நம்பிக்கையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்க, போனில் உள்ள படிவமே (கோபோ போன்ற இலவசச் செயலி போதும், இணையம் இல்லாமலும் ஓடும்) சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒரு வாக்கியம் காட்டட்டும்: 'உங்க ஸ்டேஷன் போலீஸ்காரங்களுக்குப் போன வருஷம் புதுப் பயிற்சி கொடுத்தாங்க.' மறு பாதிக்கு: 'இன்ன நாட்டுப் பணத்துல புதுப் பயிற்சி கொடுத்தாங்க.' இரண்டும் உண்மையாக இருக்கவேண்டும். பொய் சொல்லிச் சோதிப்பது கூடாது. பாலக்காட்டில் ஒத்திகைக்கு 'மத்திய அரசுப் பணம்', 'மாநில அரசுப் பணம்' என்று மாற்றிப் பார்க்கலாம். பேட்டியாளர் தன் விருப்பப்படி வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போச்சு, ஆகவே குலுக்கல் செயலியின் கையில் இருக்கட்டும். சொந்த ஒத்திகைக்கும்கூட வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பணம் தருவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை முதலில் பாருங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வரவேண்டும், இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது.

எண்களைப் படிக்கும்போது

பதிவான புகார்கள் கூடினால் குற்றம் கூடியது என்று அர்த்தமில்லை. நம்பிக்கை வந்தால்தான் ஜனங்கள் ஸ்டேஷன் படியேறுவார்கள், ஆகவே நல்ல வேலை நடந்த முதல் வருடம் குற்ற எண்ணிக்கை ஏறித்தான் காட்டும். தனியே வீடுவீடாகக் கேட்ட திருட்டுக் கணக்கையும் ஸ்டேஷன் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பத்துத் திருட்டில் எத்தனை பதிவானது என்ற விகிதம்தான் பேசும்.

ஒரு திட்டம் தோற்றது என்று எழுதும்முன் அது நடந்ததா என்று பாருங்கள். பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் செய்த சமூகப் போலீஸ் (போலீஸ் ஊர்க்கூட்டம் போட்டு ஜனங்களோடு பழகும் முறை) சோதனையின் முடிவு 2021-இல் வந்தது: நம்பிக்கையும் கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. காரணமாகச் சொன்னவை, மேலதிகாரிகள் அதை முக்கிய வேலையாகக் கருதவில்லை, அதிகாரிகள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், கூட்டத்தில் ஜனங்கள் சொன்ன குறையைத் தீர்க்க வசதி இல்லை. முதலில் காவலரிடம் கேட்ட 'இங்கே வந்து எத்தனை மாதம்', 'எத்தனை லிட்டர்' என்ற இரண்டும் இங்கேதான் உதவிக்கு வரும்.

நம்பிக்கை மிக உயரமாக வந்தாலும் சந்தேகப்படுங்கள். கிழக்குத் திமோர் போலீஸை 2000 முதல் ஐ.நா. கட்டியது, 2006-இல் படைகளுக்குள் சண்டை வந்தபோது தலைநகர் திலியில் அந்தப் போலீஸ் கலைந்துபோனது. காவலர்களுக்குள் கிழக்கத்தியார், மேற்கத்தியார் என்ற பிளவை 'போலீஸை நம்புகிறீர்களா' என்ற ஒற்றைக் கேள்வி காட்டாது. 'கிழக்கத்தியப் போலீஸ்காரர் உங்க புகாரைச் சரியா எடுப்பாரா' என்று கேட்டால்தான் வெளியே வரும்.

பெயரும் வீட்டு எண்ணும் ஒரு தாளில், பதில்கள் வேறொரு கோப்பில், இரண்டையும் சேர்க்கும் எண் மூன்றாம் இடத்தில். போர் நடக்கும் நாட்டில் போனின் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு ஊர் எண்ணோடு நிறுத்துங்கள். சரிபார்ப்பு முடிந்த அன்றே பெயர்த் தாளை எரித்துவிடலாம். முடிவை ஒரே பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, ஒரு பிரதி பஞ்சாயத்து ஆபீஸ் பலகைக்கு, ஒரு பிரதி ஸ்டேஷனுக்கு. 30 பேருக்குக் குறைவாகப் பதில் சொன்ன ஊரைத் தனியே காட்டாமல் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுங்கள். சின்ன ஊரில் 'லஞ்சம் கொடுத்தேன் என்றவர் 3 பேர்' என்று போட்டால் அந்த மூன்று பேர் யார் என்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.